மலைக்குடிகளுக்கான மருத்துவ அறக்கட்டளை எப்படி வளர வேண்டும்: நெல்லைச் சீமையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

பாபநாசம் மலையில் வாழும் காணிக்காரர்களுக்கும், மலையடிவாரப் பளியர்களுக்கும், ஊர் ஊராகப் பாசிமணி விற்றுத் திரியும் நரிக்குறவர்களுக்கும் மருத்துவத் தொண்டு செய்யப் பலர் முன்வருகிறார்கள். அறக்கட்டளை தொடங்க நினைப்பவர்கள், தொடங்கியதைப் பெரிதாக்க நினைப்பவர்கள், நன்கொடை கொடுக்கும் முன் விசாரிப்பவர்கள் ஆகியோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, என் அறிவுக்கு எட்டியவரை விடை எழுதியிருக்கிறேன்.

இங்கே பேசப்படும் மக்கள் யார்?

முதன்மையாகக் காணிக்காரர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் மயிலாறு, சேர்வலாறு, அகத்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. மரச்சீனி, நல்லமிளகு, வாழை பயிரிடுவதும் தேன் எடுப்பதும் அவர்களுடைய பிழைப்பு. தங்களுக்குள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருக்கமான தங்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. இந்தச் சிறு எண்ணிக்கைக்குள்ளும் மிகச் சிறிய பங்கினர் நெல்லைப் பகுதியில் இருப்பவர்கள். நீலகிரியிலும் சேலம், தருமபுரி மலைகளிலும் நடக்கும் பணிகள் ஓரளவு வெளியே தெரிந்த அளவுக்குப் பொதிகை மலையின் மக்கள் நிலை வெளியே தெரியாமல் போனதற்கு இந்த எண்ணிக்கையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அரசு மருத்துவமனைகள் இருக்கும்போது தனியாக ஓர் அமைப்பு எதற்கு?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு நாட்டின் தரமான கட்டமைப்புகளில் ஒன்று. அதற்குப் போட்டியாக எதையும் கட்டத் தேவையில்லை. அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பாளையங்கோட்டையில், மக்கள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிக்கல் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் வரையறை. இந்தச் சலுகையும்கூட, சில பத்து வீடுகள் மட்டும் உள்ள ஒரு காணிக்குடியிருப்புக்குப் பொருந்தி வராது. இஞ்சிக்குழியிலிருந்து வர வேண்டுமானால் காட்டுப்பாதையில் நடந்து, காரையாறு அணையின் நீர்ப்பரப்பையும் கடந்தாக வேண்டும். அங்கிருந்து பாபநாசம், பிறகு அம்பை. அம்பையில் முடியாதென்றால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பயணம் செய்து ஹைகிரவுண்டு.

தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை. எந்தச் சன்னலில் சீட்டு வாங்குவது, இரத்தம் கொடுத்த பிறகு முடிவை எங்கே போய்க் கேட்பது, உடன் வந்தவர் இரவு எங்கே படுப்பது என்பவை நகரத்தாருக்கே குழப்பம் தரும் நிலையில், காட்டிலிருந்து இறங்கி வரும் ஒரு குடும்பம் மதியத்துக்குள் மனம் தளர்ந்து திரும்பிவிடுவதில் வியப்பில்லை. நோயாளி மருத்துவமனையை அடைவதற்கும், அங்கே தங்கி முழுச் சிகிச்சை பெறுவதற்கும், திரும்பிய பிறகு மருந்தை விடாமல் உட்கொள்வதற்கும் துணை நிற்பதுதான் அறக்கட்டளைக்கு உரிய இடம்.

முகாம்களின் எண்ணிக்கை கூடுவது வளர்ச்சிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு கருத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் இதை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நாள் முகாமில் மருத்துவர்கள் வருவார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சத்து மாத்திரை, இருமல் மருந்து கொடுப்பார்கள். மாலையில் வனத்துறைச் சோதனைச் சாவடி மூடும் முன் இறங்கிவிடுவார்கள். இரத்த அழுத்தம் அதிகம் என்று அன்று கண்டறியப்பட்டவருக்கு முப்பது நாள் மாத்திரை முடிந்ததும் அடுத்தது எங்கிருந்து வரும்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரிடம் சளி மாதிரி எடுக்கப்பட்டதா, எடுத்த மாதிரியின் முடிவை அவரிடம் கொண்டுபோய்ச் சொன்னவர் யார்? காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மருந்து உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது மாறக்கூடும். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே இருந்தால் கடும் இரத்தசோகை. அதை முகாமில் அளந்து எழுதுவது ஐந்து நிமிட வேலை. அந்த அளவை உயர்த்திக் காட்டுவது, இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளும் அவர் உட்கொள்ளச் செய்வது, வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்தினால் பொறுமையாகப் பேசுவது, தேவைப்பட்டால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஊசி வழியே இரும்புச்சத்தை ஏற்றச் செய்வது ஆகியவை மாதக்கணக்கான வேலை. முகாம் அந்த வேலைக்கு வாசலாக அமையலாம். வாசலை மட்டும் கட்டிக்கொண்டே போவதால் குடியிருக்க வீடு கிடைத்துவிடாது.

ஆண்டறிக்கையில் “இத்தனை முகாம், இத்தனை பயனாளிகள்” என்று எழுதுவது எளிது. நன்கொடையாளர்களும் அதையே கேட்கிறார்கள். ஒரே ஆளை நான்கு முகாமில் பார்த்தால் நான்கு பயனாளிகளாகக் கணக்கு ஏறுகிறது. காசநோய் மருந்தை ஆறு மாதமும் முடித்த ஒருவர் அந்தக் கணக்கில் ஒருவராகவே நிற்கிறார். இந்தக் கணக்குமுறையை மாற்றிக்கொள்ளாத அமைப்பு எத்தனை ஊர்திகள் வாங்கினாலும் அது வளர்ந்ததாக நான் ஏற்கமாட்டேன்.

அப்படியானால் முதல் ஆண்டில் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு அல்லது மூன்று குடியிருப்புகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்ப ஏடு எழுதுங்கள். யார் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது, யாருக்கு நீண்ட நாள் இருமல், யாருக்குச் சாதிச் சான்றிதழும் காப்பீட்டு அட்டையும் இல்லை என்பவை அதில் இருக்க வேண்டும். மாதத்தில் குறித்த ஒரு நாளில், மழையானாலும் அதே நாளில் செல்லுங்கள். நம்பிக்கை அந்த ஒழுங்கிலிருந்துதான் வருகிறது.

அப்பகுதியின் கிராமச் சுகாதார செவிலியரிடமும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளரிடமும் முதல் மாதமே அறிமுகமாகிக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது எட்டாத குடியிருப்புக்கு அதை எட்டச் செய்வது, சொந்தமாக மருந்து வாங்கிக் கொடுப்பதைவிட நிலையான உதவி.

காட்டுக்குள் செல்ல அனுமதி தேவையா?

தேவை. புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறையின் எழுத்துவழி அனுமதியில்லாமல் குடியிருப்புகளுக்குக் குழுவாகச் செல்லக் கூடாது. சாவடியில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாள்களில் போக்குவரத்து மாறிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றைக் கடக்க முடியாமல் போகும். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்களை அந்தக் காலத்துக்கு முன்பே கீழே அழைத்துவந்து தங்கவைப்பதைப் பற்றி அவர்களுடைய வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். பழங்குடிப் பகுதிகளின் சில ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அரசே இதற்காகப் பிரசவக் காத்திருப்பு அறைகளை ஏற்படுத்தியிருப்பதால், அந்த வசதி அருகில் எங்கே உள்ளது என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

பணியாளர்களை எங்கிருந்து எடுக்க வேண்டும்?

அந்தக் குடியிருப்புகளிலிருந்தே எடுக்க வேண்டும். தொடக்கத்தில் செவிலியரும் மருத்துவரும் வெளியிலிருந்து வருவது தவிர்க்க முடியாதது. ஆனால் வீடு வீடாகச் செல்லும் பணியாளர் ஒரு காணிப் பெண்ணாக இருக்கும்போது நடக்கும் உரையாடலும், நெல்லையிலிருந்து வந்தவர் கேட்கும்போது நடக்கும் உரையாடலும் ஒன்றல்ல. மாதவிடாய்ச் சிக்கல், கருச்சிதைவு, கணவரின் குடி பற்றியெல்லாம் வெளியாளிடம் யாரும் எளிதில் வாய் திறக்க மாட்டார்கள்.

படிப்பு குறைவு என்ற தயக்கம் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இணையர் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கும் முறையை 1990களில் உருவாக்கினார்கள். அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்ததை 1999இல் லான்செட் ஆய்விதழ் வெளியிட்டது. குழந்தையின் எடையைப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, உடல் சூட்டைக் காப்பது ஆகியவற்றைக் குறைந்த பள்ளிப் படிப்புள்ள பெண்கள் செம்மையாகச் செய்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஊராருக்குச் சேவைதானே என்று சொல்லிப் பயணப்படி மட்டும் கொடுத்துவிட்டு, நகரத்திலிருந்து வரும் ஒருங்கிணைப்பாளருக்கு முழுச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் தவறானது. மிளகு பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருடைய உழைப்புக்கு விலை உண்டு.

பிலாத்திகளோடு எப்படி நடந்துகொள்வது?

மரியாதையோடு. காணிக்காரர்களிடையே மூட்டுக்காணி ஊர்த்தலைவர். பிலாத்தி மருந்தும் மந்திரமும் அறிந்தவர். கொக்கரை இசைத்துப் பாடும் சாற்று அவர்களுடைய வழிபாட்டின் பகுதி. அதைக் கேலி செய்யும் பணியாளரை மறுநாளே மாற்றிவிட வேண்டும். காய்ச்சலோ வலிப்போ வந்தால் வீட்டார் முதலில் செல்வது பிலாத்தியிடம்தான் என்பதால், “இந்த அறிகுறி கண்டால் உடனே கீழே அனுப்பிவிடுங்கள்” என்று அவரோடு ஓர் உடன்பாட்டுக்கு வருவது உயிரைக் காக்கும்.

மூலிகை அறிவைக் குறிப்பெடுக்கும் ஆர்வம் பலருக்கு உண்டு. அதற்கு முன் ஆரோக்கியப்பச்சையின் வரலாற்றை அறிந்துகொள்ளுங்கள். இதே அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில், 1987இல் வந்த ஆய்வாளர்களுக்குக் காணிக்காரர்கள் களைப்பைப் போக்கும் அந்தச் செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995இல் அதன் உரிமம் ஒரு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. அப்படியிருந்தும், யாரிடம் கேட்டார்கள், எல்லாக் காணிக்காரரும் ஒப்பினார்களா என்ற கேள்விகள் எழுந்தன. மருத்துவத் தொண்டுக்காக வந்தவர்கள் அந்த வேலையோடு நிற்பதே சரி. செடிகளைப் பற்றி எழுதுவதானால் ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் முதலில் வேண்டும்.

பாம்புக்கடிக்கு அறக்கட்டளை நஞ்சுமுறி மருந்து வைத்திருக்கலாமா?

கூடாது. அதைச் செலுத்தும்போது கடும் ஒவ்வாமை வரக்கூடும். அதைச் சமாளிக்கும் ஏற்பாடு மருத்துவமனையில்தான் உண்டு. மேலும், இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன் வகைகளுக்கு அது பயன் தராது. அந்தக் கடியிலும் சிறுநீரகம், இரத்த உறைவு ஆகியவற்றைக் கண்காணிக்க மருத்துவமனைதான் வேண்டும். கடிபட்ட இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கி வரும் ஏற்பாட்டைக் குடியிருப்பு தோறும் ஒத்திகை பார்த்து வைப்பதே அறக்கட்டளையின் வேலை. தூக்கு நாற்காலி எங்கே இருக்கிறது, யார் தூக்குவது, எந்த இடம் வரை 108 ஊர்தி வரும் என்பவை முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதேபோன்ற அமைப்புகள் வேறிடங்களில் எப்படி வளர்ந்தன?

தமிழ்நாட்டிலேயே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழங்குடியினரின் நில உரிமைக்காக 1980களில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக அஸ்வினி என்ற அமைப்பும் ஆதிவாசி மருத்துவமனையும் உருவாயின. அங்கே முதலில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்றார்கள். மருத்துவமனை அதன் பிறகு வந்தது. பழங்குடிப் பெண்களே அங்கே செவிலியர்களாக உயர்ந்தார்கள். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி இணையர் 1993இல் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பணி பின்னர் இயற்கை வேளாண்மைக்கும், லம்பாடிப் பெண்களின் தையல் தொழிலுக்கும் விரிந்தது. வயலில் விளைவதும் வீட்டுக்கு வரும் வருமானமும் உடல்நலத்தை முடிவு செய்கின்றன என்று கண்டதால் ஏற்பட்ட விரிவு அது. திட்டமிட்டு நான்கு துறைகளில் கால் வைத்த கதையாக அதைப் படிக்கக் கூடாது.

பளியர், நரிக்குறவர் மக்களுக்கும் இதே முறை போதுமா?

போதாது. வாசுதேவநல்லூர், புளியங்குடி ஓரத்து மலையடிவாரப் பளியர்கள் 2019 முதல் தென்காசி மாவட்டத்துக்குள் வருகிறார்கள். அலுவலகங்களும் அதிகாரிகளும் வேறு. நரிக்குறவர்கள் குற்றாலச் சீசனுக்கும் திருச்செந்தூர்த் திருவிழாக்களுக்கும் குடும்பத்தோடு இடம்பெயர்வதால், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசிகள் அவர்களுடைய குழந்தைகளுக்குத் தவறிப்போகின்றன. குறித்த நாளில் அவர்கள் ஊருக்குச் செல்வதைவிட, அவர்கள் தங்கும் இடத்தைத் தேடிச் செல்வதே அங்கே பொருந்தும். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சான்றிதழ் பெற உதவுவதும் இப்போது சுகாதாரப் பணியின் ஒரு பகுதியாகிவிட்டது.

காணிக்காரர்களுக்கும் இதில் ஒரு முடிச்சு உண்டு. பட்டியலில் அவர்களுடைய பெயர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறது. பிழைப்புக்காகவோ திருமணத்தாலோ வேறு வட்டத்துக்குச் சென்றவர்கள் சான்றிதழுக்கு அலைய நேரலாம்.

பதிவும் பணமும்?

அறக்கட்டளைப் பத்திரம், சங்கப் பதிவுச் சட்டம் 1975, நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஆகிய மூன்று வழிகளில் எதிலும் பதிவு செய்யலாம். வருமான வரிச் சட்டத்தின் கீழ் அமைப்புக்கு வரிவிலக்கும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் தரும் பதிவுகளை (12ஏ, 80ஜி என்று அறியப்பட்டவை) முதல் ஆண்டிலேயே பெற முயலுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைப் பெற 2021 ஏப்ரல் முதல் தனிப்பதிவு கட்டாயம். வெளிநாட்டு நன்கொடைக்கான முறையான பதிவை, மூன்றாண்டு பணியும் அந்த மூன்றாண்டில் 15 லட்ச ரூபாய்ச் செலவும் காட்டிய அமைப்பே பெற முடியும்.

நிறுவனப் பணம் பெரும்பாலும் ஓராண்டுக்கு வருகிறது, கட்டடத்துக்கும் ஊர்திக்கும் கருவிக்கும் எளிதில் வருகிறது, சம்பளத்துக்கு வருவதில்லை. ஆனால் இந்தப் பணியின் உயிர்நாடி சம்பளம்தான். எனவே மாதம் 200, 500 ரூபாய் கொடுக்கும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பணியாளர் சம்பளத்தை அந்த நிதியிலிருந்து கொடுப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. பெரிய தொகை வந்தவுடன் பத்துக் குடியிருப்புகளுக்கு விரிந்து, மறு ஆண்டு தொகை நின்றதும் அவற்றில் ஏழு குடியிருப்புகளைக் கைவிடுவது, போகாமலே இருந்ததைவிடத் தீங்கானது. மறுமுறை வருபவரை அந்த மக்கள் நம்ப மாட்டார்கள்.

நன்கொடையாளர்களுக்காகப் படம் எடுக்கலாமா?

நோயாளியின் முகம் தெரியும் படம் வேண்டாம்; மருந்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து நிற்கவைக்கும் படம் அறவே வேண்டாம். சிறிய குடியிருப்பில் ஒருவருடைய நோயைப் பெயரின்றி எழுதினாலும் யாரென்று தெரிந்துவிடும் என்பதால், அறிக்கை எழுதுவோர் அதிலும் கவனமாக இருக்க வேண்டும்.

நிர்வாகக் குழுவில் அந்த மக்கள் எப்போது இடம்பெற வேண்டும்?

பதிவுப் பத்திரம் எழுதும்போதே. ஒரே ஒருவரைப் பெயருக்கு உட்காரவைத்தால் அவர் பேசமாட்டார். குறைந்தது மூவர் வேண்டும், அதில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்தைத் திருநெல்வேலி விடுதியில் நடத்தாமல் மயிலாற்றிலோ பாபநாசத்திலோ நடத்துங்கள். வரவு செலவை அங்கே வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் ஒரு செலவை மறுத்தால் அந்த மறுப்பு செல்லுபடியாக வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனர்களை நான் அறிவேன். அவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள்தான், ஆனால் அவர்களுக்குப் பின் அந்த அமைப்பை எடுத்து நடத்த ஆள் இருக்காது.

வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது?

தொடங்கிய காசநோய் மருந்தை முடித்தவர்கள் எத்தனை பேர்; பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பெற்ற கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உண்மையில் யார் கைக்கு வந்தது; 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகள் எத்தனை. மருத்துவமனைக்கு அனுப்பியவர்களில் பாதியில் திரும்பியவர்கள் எத்தனை பேர், ஏன். இவற்றுக்கு ஆண்டுதோறும் விடை இருந்தால் போதும். பிறகு ஒரு கேள்வி: வெளியிலிருந்து வந்த பணியாளர் செய்த வேலைகளில் எதை இந்த ஆண்டு அந்த ஊர்க்காரர் ஏற்றிருக்கிறார்?

மருத்துவம் படிக்காத நான் என்ன உதவி செய்யலாம்?

ஹைகிரவுண்டுக்கு அருகில் குடியிருப்பவரானால், மலையிலிருந்து வரும் நோயாளியோடு வாரத்தில் ஒரு காலைப்பொழுது உடன் நிற்கலாம்: சீட்டு வாங்க, பரிசோதனைக் கூடத்தைக் காட்ட, மருந்துச் சீட்டை விளக்கிச் சொல்ல. உடன் வந்தவருக்கு இரவு தங்க ஒரு திண்ணையும் சாப்பாடும் கொடுக்கலாம். ஆசிரியரானால், பிளஸ் டூ முடிக்கும் காணிப் பிள்ளைகளுக்குச் செவிலியர், ஆய்வகப் பயிற்சி விண்ணப்பங்களை நிரப்ப உதவலாம். பழங்குடியினருக்கு மாநிலத்தில் 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு, சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போகும். கணக்கு எழுதத் தெரிந்தவரானால் ஏதேனும் ஒரு சிறு அறக்கட்டளையின் பேரேட்டை மாதம் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். தணிக்கையாளருக்குக் கொடுக்கும் தொகை மிச்சமானால் அது ஒரு பணியாளரின் சம்பளத்தோடு சேரும்.